விளக்கடியில் தொடங்கிய வகைநூல்

விளக்கைக் கண்டு வந்து விழும் விட்டிலைப் பாடாத இலக்கியம் கீழ்த்திசையில் அரிது. பாரசீகக் கவிவாணர் அதனைப் ‘பர்வானா’ என்றழைத்து, காதலின் பொருட்டுத் தன்னையே எரித்துக்கொள்ளும் அடியாராகக் கண்டனர். அரபு மொழியில் அது ‘ஃபராஷ்’. பகலில் மலர் நாடும் வண்ணத்துப்பூச்சியும் இரவில் சுடர் நாடும் பூச்சியும் அப்பெயருள் அடங்கும். கம்பளியை அரிப்பதற்கு மட்டும் ‘உஸ்ஸு’ எனத் தனிப்பெயர் உண்டு. நம் தமிழிலோ ‘விட்டில்’ என்றால் சிலர்க்கு விளக்கில் விழும் பூச்சி; வேறு சிலர்க்கு வெட்டுக்கிளி. நெல்லிலும் பருப்பிலும் தோன்றுவதை ‘அந்து’ என்கிறோம்.

உவமை கூறுவதற்கு இப்பெயர்கள் போதும். ஆனால், ஓரிரவு விளக்கடியில் வீழ்ந்தவற்றை வரிசையாக அடுக்கி, ‘இவை எத்தனை வகை? எது எதற்கு உறவு?’ என ஒருவர் வினவினால் உவமை துணை செய்யாது. அறிவியலார் இதுவரை பெயரிட்டுள்ள அந்துப்பூச்சி வகைகள் ஏறத்தாழ 1,40,000. வண்ணத்துப்பூச்சி வகைகளோ இருபதினாயிரத்தை எட்டவில்லை. பிரிட்டனில் காணப்படும் அந்துப்பூச்சிகள் சுமார் 2,500 வகையே. பெருந்தொகை வெப்ப மண்டலக் காடுகளில்தான் வாழ்கிறது. இப்பெருங்கூட்டத்தை மனிதன் எவ்வாறு எண்ணத் தொடங்கினான், எங்கெங்கே தவறினான், தவறியதை எப்படித் திருத்திக்கொண்டான் என்பதை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

அகர வரிசையும் விகுதி வரிசையும்

உயிரினங்களைப் பற்றி எழுதுவது அரபு இலக்கியத்திற்குப் புதிதன்று. ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸ்ராவின் ஜாஹிஸ், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் யானை முதல் ஈ வரை பேசினார். ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) கெய்ரோவில் மறைந்த தமீரி, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் விலங்குகளை அகர வரிசையில் அடுக்கினார். தேடுபவர்க்கு அவ்வரிசை மிக எளிது. பெயரை அறிந்தவர் பொருளை உடனே அடைவார். ஆயினும் அகர வரிசை உறவைச் சொல்லாது. அதில் அண்டை வீட்டார் ஆகின்றவை எழுத்தால் நெருங்கியவையே. பெயரே இல்லாத ஒரு பூச்சியைக் கையில் வைத்திருப்பவர் அத்தகைய நூலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

அந்நிலையில் முதலில் கைகொடுத்தது ஓவியம். மரியா சிபில்லா மேரியன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, 1699-இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், மகள் ஒருத்தியை உடன் அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென்னமெரிக்காவின் சூரினாமிற்குக் கப்பலேறினார். புழு எந்தச் செடியைத் தின்கிறது, எப்படிக் கூட்டுப்புழு ஆகிறது, அதிலிருந்து வெளிவருவது யாது என்பவற்றைக் கண்ணாரக் கண்டு வரைந்தார். நோயுற்று 1701-இல் திரும்பிய அவர், 1705-இல் 60 ஓவியங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். செடிகளின் பயனை அங்கிருந்த அடிமைப் பெண்களும் பழங்குடிப் பெண்களும் தமக்கு உரைத்தனர் என்பதை அவர் மறைக்கவில்லை. பெயர் குறிக்கப்படாத அப்பெண்களைப் போன்றோரை இவ்வரலாற்றில் மீண்டும் சந்திப்போம்.

மேரியனின் ஓவியங்களைத் தம் மேசையில் விரித்து வைத்துப் பெயரிட்டவருள் ஒருவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1758-இல் வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில், செதிற்சிறகிகள் அனைத்தையும் மூன்றே பேரினங்களில் அவர் அடக்கினார். பகற்பூச்சிகள் ‘பாப்பிலியோ’, பருந்து போல் விரைந்து பறப்பவை ‘ஸ்ஃபிங்ஸ்’, எஞ்சிய இரவுப்பூச்சிகள் யாவும் ‘ஃபலேனா’. இந்த ஃபலேனாவை அவர் ஏழு பிரிவாக்கினார். பிரிவுகள் சிலவற்றிற்குப் பெயரின் விகுதியையே அடையாளமாக வைத்ததில் அவரது நுட்பம் புலப்படுகிறது. இலை சுருட்டும் பூச்சிகளின் பெயர் ‘அனா’ என முடியும். பைராலிஸ் பிரிவின் பெயர்கள் ‘அலிஸ்’ என முடியும். மிகச் சிறிய அந்துகளின் பெயர்கள் ‘எல்லா’ என முடியும். நில அளவையாளர் போல் உடலை வளைத்து அளந்து நடக்கும் புழுக்களின் பிரிவில், உணர்கொம்பு சீப்புப்பல் போன்றிருந்தால் ‘அரியா’, நூல் போன்றிருந்தால் ‘அட்டா’.

அரபு இலக்கணத்தில் ஸர்ஃபு பயின்றவர்க்கு இது உடனே விளங்கும். ‘காதிப்’ என்றால் எழுதுபவர், ‘மக்தூப்’ என்றால் எழுதப்பட்டது. வேர் ஒன்றே; வஸ்ன் என்னும் வாய்பாடு மாறியதும் பொருளின் நிலையும் தெரிந்துவிடுகிறது. லின்னேயஸ் அமைத்ததும் அத்தகைய வாய்பாடே. முட்டைக்கோஸ் பயிரிடுவோரை இன்றும் வாட்டும் வைரமுதுகு அந்தின் அறிவியற்பெயர் ‘புளுட்டெல்லா சைலோஸ்டெல்லா’. அதன் இறுதியில் ஒலிக்கும் ‘எல்லா’, 1758-இல் அவர் இட்ட முத்திரை.

எனினும் ஐரோப்பாவின் குளிர்நாட்டுப் பூச்சிகளைக் கொண்டு தைத்த அச்சட்டை, வெப்ப மண்டலத்திற்குப் போதுமானதாக இல்லை. அது எவ்வளவு போதாது என்பதை நூறாண்டிற்குப் பின் ஒரு மலைவீட்டுத் தாழ்வாரம் காட்டியது.

சரவாக்கில் இருபத்தாறு இரவுகள்

1855-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். போர்னியோத் தீவின் சரவாக்கில், மலைமேல் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில், அந்நாட்டை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கிற்கு ஒரு சிறு குடில் இருந்தது. உயிரினங்களைச் சேகரித்து விற்றுப் பிழைத்த ஆங்கிலேயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அங்கே வந்து தங்கினார். உடனிருந்தவர் அலி என்னும் மலாய் இளைஞர். தாழ்வாரத்தின் கூரை தாழ்வானது. சுவர்கள் சுண்ணாம்பு பூசியவை. சுவரையொட்டி மேசையிட்டு, அதன்மேல் விளக்கேற்றி, ஊசியும் வலையும் பெட்டியும் அருகில் வைத்துக்கொண்டு வாலஸ் காத்திருந்தார்.

முதல் இரவு விண்மீன்கள் தெளிந்திருந்தன. கிடைத்த பூச்சி ஒன்று. நிலவு நன்கு எறித்த மற்றோர் இரவில் கிடைத்தவை இரண்டு. டிசம்பர் 31-ஆம் நாள் இருளும் காற்றும் பெருமழையுமாக இருந்தது. அவ்விரவில் வந்தவை 200. அவற்றுள் 130 வெவ்வேறு வகைகள்! மொத்தம் 26 இரவுகளில் 1,386 பூச்சிகள். அவற்றுள் 800-க்கு மேற்பட்டவை கடுமழையும் காரிருளும் கூடிய நான்கே இரவுகளில் கிடைத்தவை.

இவ்வெண்களை வாசகர் சற்று நின்று நோக்க வேண்டும். இருநூறு பேர் கூடிய அவையில் நூற்றுமுப்பது மொழி பேசுவோர் இருப்பின் நாம் எவ்வளவு வியப்போம்! வெப்ப மண்டலத்தின் செல்வம் தலைத்தொகையில் மட்டும் இல்லை, வகைத்தொகையில் இருக்கிறது. ஒரே வகை ஆயிரமாகப் பெருகுவது குறைவு. ஆயிரம் வகைகள் ஒன்றும் இரண்டுமாகச் சிதறி வாழ்வதே மிகுதி.

அடுத்த ஆறு ஆண்டுகள் தீவு தீவாகத் திரிந்தும், அம்மலைக்குடிலில் கண்ட வளத்தை வாலஸ் வேறெங்கும் காணவில்லை. பூச்சிகள் இல்லாமற் போனதால் அன்று. அத்தகைய வெண்சுவரும் தாழ்ந்த கூரையும் வாய்க்காததே காரணம் என அவர் கருதினார். பயணம் செய்வோர் வெள்ளைத் துணியால் தாழ்வாரம் போன்றதொரு கூடாரம் கொண்டு செல்லலாம் என்றும் எழுதினார். இன்று ஆய்வாளர் காட்டில் வெள்ளைத் திரை கட்டி விளக்கு வைப்பதும் அதே முறையே.

அலியைப் பற்றியும் ஒரு சொல். அவர் பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுத் தேர்ந்து, 1862-இல் சிங்கப்பூரில் பிரியும் வரை வாலஸுக்கு வலக்கரமாய் இருந்தார். 1907-இல் தர்னாத்தே தீவிற்குச் சென்ற தாமஸ் பார்பர் என்னும் அமெரிக்க இயற்கையறிஞர்முன் முதியவர் ஒருவர் வந்து, தம் பெயர் ‘அலி வாலஸ்’ என்று அறிமுகம் செய்துகொண்டார். வாலஸ் தம் நூல்களில் அலியைப் பெயர் சொல்லிப் போற்றியதால்தான் அம்முதியவர் யாரென்பதைப் பார்பர் அறிய முடிந்தது. ஒருவர் பெயரை எழுதி வைப்பதன் மதிப்பு அத்தகையது.

பெயர் பெருகியதும் பெயர் சுருங்கியதும்

வாலஸ் சேகரித்த சரவாக்குப் பூச்சிகளுக்கு இலண்டனில் பட்டியல் எழுதியவர் ஃபிரான்சிஸ் வாக்கர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த செதிற்சிறகிகளுக்கு 1854 முதல் 1866 வரை 35 பகுதிகளாகப் பட்டியல் தொகுத்தவரும் அவரே. உழைப்பில் அவரை விஞ்சியவர் சிலரே. ஆனால் விரைவு அவரை ஏமாற்றியது. ஒரே வகைக்கு இருமுறை, மும்முறை பெயரிட்டார். ஒரே வகையின் ஆணும் பெண்ணும் வெவ்வேறு பெயர் பெற்றன. 1874-இல் அவர் மறைந்தபோது, இரங்கல் எழுதிய இதழொன்றே அவரால் பூச்சியியலுக்கு விளைந்த தீங்கைக் கடிந்துரைத்தது. இறந்தவர்க்கு அது கடுஞ்சொல்லே. ஆயினும், தவறான பெயர் எழுதியவரோடு மறைவதில்லை; பின்வரும் ஒவ்வொருவரும் அதை அவிழ்த்தே மேற்செல்ல வேண்டும்.

அவ்வாறு அவிழ்த்தவருள் ஒருவர் நம் நீலகிரியில் உருவானார். ஜார்ஜ் ஹாம்ப்சன் 1860-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, தேயிலைத் தோட்டம் வைக்கச் சென்னை மாகாணத்தின் நீலகிரிக்கு வந்தவர். தேயிலையைவிட இரவுப்பூச்சிகள் அவரை அதிகம் கவர்ந்தன. இங்கிலாந்து திரும்பியபின் அருங்காட்சியகத்தில் ஊதியமின்றிப் பணியாற்றி, நீலகிரிச் செதிற்சிறகிகள் பற்றிய நூலை 1891-இல் வெளியிட்டார். 1892 முதல் 1896 வரை இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதிகள் எழுதினார். 1898-இல் தொடங்கி 1920 வரை உலகப் பூச்சிகளுக்கு 15 தொகுதிகள் கொண்ட பட்டியலை நடத்தினார்.

ஹாம்ப்சனுக்கு முன்பே இலங்கைப் பூச்சிகளுக்குச் சிறந்த நூலொன்று இருந்தது. பேராதனைத் தோட்டத்தின் தலைவர் துவைட்ஸின் மேற்பார்வையில் வில்லியம், ஜார்ஜ் என்னும் டி அல்விஸ் சகோதரர் புழுவையும் பூச்சியையும் உயிரோடு கண்டு வரைந்தனர். அவ்வோவியங்களோடு ஃபிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். மூர் பிரித்தவற்றுள் பலவற்றை ஹாம்ப்சன் ஒன்றாக்கினார். சிலவற்றில் ஹாம்ப்சனே சரி. வேறு சிலவற்றில் காலம் மூரின் பக்கம் நின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பேருருவ அந்தொன்றுக்கு, இலங்கையின் பழம்பெயரால், ‘அட்டாகஸ் தப்ரபானிஸ்’ என்று மூர் பெயரிட்டிருந்தார். லின்னேயஸ் பெயரிட்ட ‘அட்லஸ்’ அந்தின் கிளையாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது. இன்று அறிஞர் அதைத் தனி வகையாகவே கொள்கின்றனர்.

ஹாம்ப்சனின் உரைகல் சிறகின் நரம்பு. வண்ணம் வெளிறும், செதில் உதிரும். நரம்போ எலும்பு போல் நிற்கும். பின்சிறகின் ஒரு நரம்பு வலுவாக இருந்து அருகிலுள்ள கிளைகளோடு சேர்ந்து நான்காகத் தோன்றுகிறதா, மெலிந்து மூன்றாகத் தோன்றுகிறதா என்பதைக் கொண்டு ‘நாக்டுவிட்’ என்னும் பெருங்குடும்பத்தை அவர் வகுத்தார். யாரும் எடுத்துக் கையாளத்தக்க தெளிவான முறை அது. ஆயினும் ஒரே அளவுகோலை எங்கும் நாட்டியதில் பிழையும் புகுந்தது. இனவுறுப்புகளின் அமைப்பை ஆராய்ந்த பிற்காலத்தார் அவரது பிரிவுகள் பலவற்றைக் கலைத்தனர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரபணுவை ஆராய்ந்தவர்கள், நாற்கிளை நரம்புடையவற்றுள் பெரும்பகுதியை ‘எரெபிடே’ என்னும் வேறு குடும்பத்தில் சேர்த்தனர். தனிக் குடும்பமென எண்ணப்பட்ட வரிப்புலி அந்துகளும் அதனுள்ளே சென்று அடங்கின.

அறியாமைக்கும் ஓர் அளவுகோல்

வெப்ப மண்டலத்தின் வகைவளம் கணித அறிஞரையும் ஈர்த்தது. அலெக்ஸாண்டர் கார்பெட் மலாயாவில் திரட்டிய வண்ணத்துப்பூச்சிகளுள் 118 வகைகளுக்கு ஒரே ஒரு சான்றுதான் கிடைத்திருந்தது. 74 வகைகளுக்கு இரண்டு. 44 வகைகளுக்கு மூன்று. இத்தொகையையும், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் விளக்குப்பொறியில் வில்லியம்ஸ் பிடித்த அந்துகளின் தொகையையும் வைத்து, 1943-இல் ரொனால்ட் ஃபிஷர் ஒரு சூத்திரம் அமைத்தார். கிடைத்தவற்றின் பரவலைக் கொண்டு, ஓரிடத்தின் வகைவளம் எத்தகையது, மேலும் தேடினால் எத்தனை புது வகைகள் கிடைக்கக்கூடும் என்பதை மதிப்பிட அது உதவியது. ஒரே சான்று உடைய வகைகள் மிகுந்திருந்தால், இன்னும் காணாதவை பல உண்டு என்பது அதன் பொருள். ஒருவர் தாம் அறியாததற்கு எல்லை குறிப்பதும் அறிவின் பணியே.

அச்சூத்திரத்தைப் போர்னியோவில் பயன்படுத்தியவருள் ஒருவர் ஜெரமி ஹாலோவே. 1977-78இல் சரவாக்கின் முலு மலைக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் அவரும் இருந்தார். 1983 முதல் 2011 வரை போர்னியோ அந்துகளைப் பற்றி 18 பகுதிகளை வெளியிட்டார். வாலஸின் விளக்கு அணைந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்தே அம்மலைகளின் பூச்சிகளுக்கு இத்துணை விரிவான வகைநூல் கிட்டியது. அதற்குள் அத்தீவின் தாழ்நிலக் காடுகளில் பெரும்பரப்பு மரத்திற்காகவும் எண்ணெய்ப்பனைக்காகவும் வெட்டப்பட்டுவிட்டது.

இந்நூற்றாண்டில் வந்த புதுக்கருவி மரபணுக் குறியீடு. கனடாவின் குவெல்ஃப் நகரில் பால் ஹெபெர்ட் 2003-இல் முன்வைத்த முறை இது. மரபணு ஒன்றின் 648 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து வகையை அறிவது. பூச்சியின் ஒரு காலே அதற்குப் போதும். 2004-இல் கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்தே காட்டில், ஒரே வண்ணத்துப்பூச்சி என எண்ணப்பட்டு வந்தது பத்து வகைகளின் தொகுப்பு எனத் தெரிந்தது. அம்முடிவைக் கருவி தனித்து எட்டவில்லை. எந்தப் புழு எந்தச் செடியைத் தின்றது என்று ஆண்டுக்கணக்கில் வளர்த்துக் குறித்து வைத்த உள்ளூர் மக்களின் பதிவே அதற்கு வலுச் சேர்த்தது. சூரினாமில் பெயரின்றிப் போனோரின் பணி, இங்கே பெயரோடும் ஊதியத்தோடும் தொடர்கிறது.

பெயர் பிழைத்தால்

இவ்வளவு உழைப்பும் பெயருக்காகவா எனச் சிலர் வினவலாம். பருத்தியிலும் துவரையிலும் காய்களைத் துளைக்கும் காய்ப்புழுவை நம் உழவர் நன்கறிவர். அதன் தாய் அந்தை, அமெரிக்கக் கண்டத்தின் சோளக்கதிர்ப் புழுவோடு ஒன்றாக வைத்தே நெடுங்காலம் எழுதினர். 1965-இல் டேவிட் ஹார்ட்விக் இரண்டையும் உறுதியாகப் பிரித்தார். பழைய உலகத்துப் புழுவாகிய ‘ஆர்மிஜெரா’ 2013-இல் பிரேசிலில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. தோற்றத்தில் அவை இரட்டையர். கண்ணால் பார்த்துப் பிரிப்பது அரிது. ஆகவே அது அந்நாட்டில் நுழைந்து சோயாவிலும் பருத்தியிலும் பரவியபோது உள்ளூர்ப் புழுவென்றே எண்ணப்பட்டது. ஒன்றை அடக்கும் மருந்து மற்றொன்றை அதே அளவில் அடக்குவதில்லை. பெயரில் நேர்ந்த குழப்பத்தின் விலையை உழவனின் வயல் கொடுத்தது.

எனவே அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசியில் நிற்கும் பூச்சியைவிட, அவ்வூசியின் கீழே குத்தப்பட்ட சிறு சீட்டு அருமையானது. எந்த ஊர், எந்த நாள், யார் பிடித்தார் என மூன்று செய்திகள் அதில் இருக்கும். ஹதீஸ் கலையில் மத்னுக்கு முன் இஸ்னாதை வினவும் மரபை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் தொடர் அறுந்த செய்தி, எத்துணை அழகாயினும் சான்றாகாது. சீட்டில்லாத பூச்சியும் அத்தகையதே: வண்ணம் உண்டு, வாக்குமூலம் இல்லை. முதன்முதல் பெயரிடப் பயன்பட்ட மூலச்சான்றிற்கு இலண்டன் அருங்காட்சியகத்தில் சிவப்பு விளிம்பிட்ட வட்டச் சீட்டு ஒட்டுவர். வாக்கரின் பிழைகளைப் பின்னோர் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் கையாண்ட பூச்சிகள் சீட்டோடு அங்கே காத்திருந்தமையே.

அறிஞர் பிழை செய்வர். அவர்தம் வகுப்பு முறையைக் காலம் கலைக்கும். லின்னேயஸின் ஏழு பிரிவும் கலைந்தது, ஹாம்ப்சனின் நரம்பும் தளர்ந்தது. மரபணுக் குறியீட்டின் முடிவுகளையும் நாளை ஒருவர் திருத்தக்கூடும். கண்டதைக் கண்டவாறு எழுதிய குறிப்பு மட்டும் பழுதுபடுவதில்லை. சரவாக்கு மலைக்குடிலில் வாலஸ் எழுதிய பட்டியலில் இருநூறு பூச்சிகள் வந்த இரவு உண்டு. ஒன்றே ஒன்று வந்த இரவும் உண்டு. வானம் தெளிந்திருந்தது என்ற குறிப்போடு அந்த ஒன்றையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். இருண்ட மழையிரவே அந்துக்கு உகந்தது என்பதை இன்று நாம் அறிவதற்கு, அந்த ஒற்றைப் பூச்சியும் ஒரு சாட்சி.